சந்திரமௌலியின் தெத்துப்பல்

சந்திரமௌலி இதுவரை மேடையில் பேசிய வசனங்களையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். போஸ்ட்மேனாக வந்தால் "சார், போஸ்ட்!" டாக்டராக வந்தால் "பயப்பட ஒண்ணுமில்லை, ஊசி போட்டிருக்கேன்." சாஸ்திரிகளாக வந்தால் "நாழியாறது, பொண்ணை அழைச்சுண்டு வாங்கோ." அவ்வளவுதான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த காலத்திலிருந்து ரிடையராகி பென்ஷன் வாங்கும் இன்று வரை, மயிலாப்பூரின் அந்த அமெச்சூர் நாடகக் குழுவில் அவருக்குக் கிடைத்தது இந்த மூன்றும்தான்.

காரணம் அம்பி. குழு அம்பியுடையது. நாடகத்தை அவர்தான் எழுதுவார், அவர்தான் இயக்குவார், கதாநாயகனும் அவர்தான். திரை இழுக்க மட்டும் வெளி ஆள்.

அந்த அம்பி தெற்கு மாட வீதியில் ஒரு பைக்குக்கு வழிவிடப் போய், தண்ணீர் கேன் மேல் விழுந்து, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். நாடகத் தேதி குறித்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் சந்திரமௌலியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரே ஒரு ஷோ மௌலி. நன்னா வந்தா கோடை நாடக விழாவுலயும் நீயே பண்ணிக்கோ. சொதப்பினியோ, அதுக்குள்ள என் முட்டி சரியாயிடும். நீ பழையபடி போஸ்ட்மேன்."

"எனக்கென்ன, எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டு வந்த சந்திரமௌலி, வீட்டில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வசனம் பேச ஆரம்பித்தார். மனைவி நீரஜா கதவைத் தட்டினாள்.

"ஏன்னா, யாரோட சண்டை உள்ளே?"

"தம்பியோட!"

நாடகத்தின் பெயர் 'வரதுவும் சேதுவும்'. இரட்டைப் பிறவிகள். அண்ணன் வரது பரம சாது. தம்பி சேது அயோக்கியன். அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு வீட்டில் புகுந்து பத்திரத்தைச் சுருட்டப் பார்க்கிறவன். இரண்டு வேஷமும் ஒரே ஆள். வித்தியாசம் ஒன்றே ஒன்று, சேதுவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தெத்துப்பல். பல் இருந்தால் தம்பி, இல்லாவிட்டால் அண்ணன். ஜனங்களுக்குப் புரிய இது போதும் என்பது அம்பியின் கொள்கை.

வாடகைக்கு வாங்கிய ரப்பர் பல்லைச் சந்திரமௌலி மாட்டிப் பார்த்தார். பழைய செருப்பைக் கவ்விய மாதிரி இருந்தது. இதற்கு முன் எத்தனை வில்லன்கள் கவ்வினார்களோ என்று நினைத்ததும் சாப்பாடு இறங்கவில்லை. மகன் கிரீஷ்தான் வழி சொன்னான்.

"நந்தனத்துல எங்க ஆபீஸ்ல ஜுவேரியான்னு ஒருத்தி இருக்காப்பா. சனி ஞாயிறானா வேஷம் கட்டிக்கறதுக்கு வாள், கிரீடம், கொம்புன்னு பண்ணிண்டே இருப்பா. ஒரு பல்லு பண்ண மாட்டாளா?"

ஜுவேரியாவின் வீடு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில். கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் தொப்பியும் இரண்டு கொம்பும் ஆளுயர வாளும் இருந்தன. சந்திரமௌலி தயங்கியபடி வாளைத் தொட்டுப் பார்த்தார். வெறும் பிளாஸ்டிக்.

"உக்காருங்க அங்கிள். இதான் விஷயம்" என்று ஜுவேரியா ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினாள். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக மணிகள். ஒரு கிண்ணம் சுடுதண்ணீரில் கொஞ்சம் போட்டாள். வெள்ளை மெல்ல மறைந்து, மணிகள் கண்ணாடி மாதிரி ஆகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகத் திரண்டன. கரண்டியால் எடுத்து உருட்டிப் பிசைந்து அவர் முன்பல்லில் வைத்து அழுத்தினாள்.

"அசையாதீங்க."

"ஊம்... ழா..."

"பேசவும் கூடாது அங்கிள்."

கொஞ்ச நேரத்தில் அது ஆறி, வெளுத்து, பல்லாகவே கெட்டிப்பட்டுவிட்டது. ஜுவேரியா கழற்றி, ஓரங்களைச் சீவி, ஒரு சிட்டிகை மஞ்சள் சாயம் பூசித் திரும்ப மாட்டினாள். சந்திரமௌலி கண்ணாடியில் பார்த்தார். எதிரே சேது நின்றுகொண்டிருந்தான். தன் முகத்துக்குள் இப்படி ஒரு அயோக்கியன் இத்தனை வருஷம் ஒளிந்திருந்தானா என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

"பிடிக்கலைன்னா சொல்லுங்க. திரும்பச் சுடுதண்ணியில போட்டா இளகிடும். எத்தனை வாட்டி வேணும்னாலும் பிசையலாம்" என்றாள் ஜுவேரியா.

அவள் அம்மா ஜைதூன் பீ டீயோடு வந்தார். வந்தவர் பல்லைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"யா அல்லா! இன்னா சார் இது, வரும்போது நல்லாத்தானே வந்தீங்க?"

"நாடகத்துக்கும்மா."

"எதுக்கோ, சாக்கிரதையா இருங்க. இவ எனக்கு ஒரு கைப்பிடி செஞ்சு குடுத்தா. குக்கர்ல மாட்டி வெச்சேன். ஒரு விசில் வர்றதுக்குள்ள கைப்பிடி தொங்கிக்கினு கீது!"

"அம்மி, அது பீரோவுக்குச் செஞ்ச கைப்பிடி. நீங்கதான் குக்கர்ல மாட்டினீங்க."

"கைப்பிடின்னா எல்லாத்துக்கும்தாண்டி கைப்பிடி!"

சிரித்துக்கொண்டே சந்திரமௌலி டீயை வாய்க்குக் கொண்டுபோனார். ஜுவேரியா பாய்ந்து தம்ளரைப் பிடுங்கினாள்.

"பல்லு மாட்டியிருக்கும்போது சூடா எதுவும் கூடாது அங்கிள். டீ, ரசம், எதுவும். வாய்க்குள்ளயே இளகிடும்."

"காபியுமா?"

"காபியும்தான்."

சந்திரமௌலி பிடுங்கப்பட்ட தம்ளரையே பார்த்தார். மற்றவர்கள் ஊதி ஆற்றும் காபியை அப்படியே அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவர் அவர். 'ஆறின காபி குடிக்கிறவனுக்கு ஆறின வாழ்க்கைதான்' என்று கல்யாணமான புதிதில் நீரஜாவிடம் சொல்லி, அதற்காக இன்று வரை அடுப்படியில் கேலிக்கு ஆளாகிறவர். ஆனாலும் கோடை விழா கண் முன்னே நின்றது.

"ஆகட்டும்" என்றார், தியாகியின் குரலில்.

ஒத்திகையில்தான் சங்கடம் ஆரம்பித்தது. சேதுவின் பெரிய வசனம், "இந்த வீடு, இந்தத் தோட்டம், இந்தப் பத்திரம், எல்லாம் எனக்கே!" அந்த 'எனக்கே'யில் கொஞ்சம் அழுத்தம் கூடிவிட்டது. பல் பறந்து போய், நாற்காலியில் காலை நீட்டியிருந்த அம்பியின் முட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்தது.

அம்பி அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். "பல்லையே வாயில வச்சுக்கத் தெரியலை. வசனத்தை எங்கேடா வச்சுக்கப் போறே?"

எல்லோரும் சிரித்தார்கள். நாடகத்தில் அந்த வீட்டு மருமகளாக வரும் சண்முகப்ரியா மட்டும், "விடுங்க மாமா, கொஞ்சம் டைட் பண்ணினா சரியாயிடும்" என்றாள்.

அந்த வார்த்தையைச் சந்திரமௌலி பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஜுவேரியாவுக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அடுப்பில் டிகாக்‌ஷனுக்காகக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் கொஞ்சம் கிண்ணத்தில் பிடித்து, பல்லை அதில் போட்டார்.

"ஏன்னா, அந்தப் பொண்ணு கை வைக்கச் சொன்னாளா?" என்றாள் நீரஜா.

"எத்தனை தரம் வேணும்னாலும் பிசையலாம்னு அவளேதான் சொன்னா. இதென்ன ராக்கெட்டா?"

இளகிய பல்லை எடுத்து முன்பல்லில் வைத்து, முன்னால் அழுத்தி, பின்னாலும் கட்டைவிரலை விட்டு அழுத்தி, பல் இடுக்குகளிலெல்லாம் நன்றாகப் புகும்படி வழித்துவிட்டார். வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போடுகிறவர் அவர். ஆறியதும் 'எனக்கே!' என்று கத்திப் பார்த்தார். பல் அசையவில்லை. மாடி வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார். கழற்ற ஒரு இழுப்பு தேவைப்பட்டது. 'டக்'கென்று சத்தம் வந்தது. அவருக்குத் திருப்தி.

நாடகத்தன்று மத்தியானமே பல்லை மாட்டிக்கொண்டு, அதோடு பழகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக் காபியை வேண்டாம் என்றார். காரணம் தெரியாத நீரஜா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கிளம்பும்போது கொடுத்த காபியையும் வேண்டாம் என்றார். தலை விண்விண் என்று தெறித்தது. ஆட்டோவில் லஸ் முனையைத் தாண்டும்போது எங்கிருந்தோ காபிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை முணுமுணுத்தார்.

சபா ஹால் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் சபா செயலாளர் சுரேஷ்குமார் விசிறி மடிப்பு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். கோடை விழாவுக்கு யாரைச் சேர்ப்பது என்பது அவர் கையில். மூன்றாவது வரிசையில் ஜுவேரியாவும் ஜைதூன் பீயும். பக்கத் திரைக்குப் பின்னால் ஊன்றுகோலோடு அம்பி.

சேது மேடையேறினான். பல்லைக் காட்டிச் சிரித்தான். ஹால் அதிர்ந்தது. 'எனக்கே!' சொன்னபோது கைதட்டினார்கள். சந்திரமௌலிக்குத் தரையில் கால் பாவவில்லை. போஸ்ட்மேனுக்கு ஒருநாளும் யாரும் கைதட்டியதில்லை.

அப்போது சண்முகப்ரியா உள்ளேயிருந்து வந்தாள். கையில் டவரா தம்ளர். அதிலிருந்து ஆவி.

சந்திரமௌலி பல்லின் மேல் உதட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், மேடையில் நிஜக் காபிதான் குடிக்க வேண்டும் என்று அந்தக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே சந்திரமௌலிதான். முன்பு ஒரு நாடகத்தில், டாக்டர் வேஷத்தில் காலித் தம்ளரை வாயில் கவிழ்த்தபோது, முன்வரிசையில் ஒரு மாமி "உள்ளே ஒண்ணுமே இல்லைடி" என்று பக்கத்து மாமியிடம் சொல்லிவிட்டாள். அந்த அவமானத்தில் அம்பியோடு சண்டை போட்டு வாங்கிய சட்டம். மயிலாப்பூர்க்காரர்களை எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், காபியில் ஏமாற்ற முடியாது என்பது அவர் வாதம். ஒத்திகையில் மட்டும் காலித் தம்ளர், அது அம்பியின் சிக்கனம். அதனால்தான், வீட்டுக் காபி, ரோட்டுக் காபி எல்லாவற்றையும் விரதமிருந்து விலக்கியவருக்கு, இரண்டாவது காட்சியில் ஒரு காபி இருப்பது மறந்தே போனது.

போதாததற்கு, நாள் முழுக்கக் காபியே குடிக்கவில்லையே மனுஷன் என்று பரிதாபப்பட்டு, மேடைக்குப் பின்னால் நீரஜா அன்றைக்கென்று கள்ளிச்சொட்டு மாதிரி கலந்து, தளதளவென்று கொதிக்கவைத்து அனுப்பியிருந்தாள்.

"காபி சாப்பிடுங்கோ பெரியப்பா" என்றாள் சண்முகப்ரியா.

வசனப்படி சேது ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "காபின்னா இது காபி!" என்று சொல்ல வேண்டும். வாசனை முதல் வரிசை வரை போய்விட்டது. சுரேஷ்குமார் மூக்கைத் தூக்கி ஒரு முறை இழுத்தார். சந்திரமௌலி தம்ளரைப் பார்த்தார். தம்ளரும் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஊற்றுகிற மாதிரி பாவனை செய்துவிடலாமா? தான் கொண்டுவந்த சட்டத்தைத் தானே மீறுவதா? அவர் யோசித்து முடிப்பதற்குள் கை அண்ணாந்து ஊற்றிவிட்டது. அந்தக் கைக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும்.

முதல் வாய் சொர்க்கம். இரண்டாவது வாயில் பல் நகர்ந்தது.

"காபின்னா இழு காழி!" என்றார்.

மூன்றாவது வரிசையில் ஜுவேரியா எழுந்து நின்றுவிட்டாள். நீட்டிக்கொண்டிருந்த பல் கண்ணாடியாகி, விளக்கில் பளபளத்து, கீழுதட்டை நோக்கிச் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. சந்திரமௌலி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மிச்ச வசனத்தையெல்லாம் இருமலாக மாற்றி, பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சேது ஓடுவதாகத்தான் காட்சி. ஆனால் இவ்வளவு தத்ரூபமாக ஓடியதாக யாரும் பார்த்ததில்லை.

பின்னால் நீரஜா பதறிப்போனாள். "ஐயோ, நாக்கு வெந்துடுத்தா? இந்தாங்கோ" என்று ஐஸ் தண்ணீரை நீட்டினாள்.

"குடுக்காதீங்க ஆன்ட்டி!" என்று கத்திக்கொண்டே ஜுவேரியா ஓடி வந்தாள். அதற்குள் அவர் ஒரு வாய் நிறையக் குடித்துவிட்டார்.

இளகி, பரவி, மேல்வரிசை முன்பற்கள் அத்தனையையும் தழுவிக்கொண்டிருந்த பிளாஸ்டிக், குளிர் பட்டதும் அப்படியே இறுகியது. ஒரு தெத்துப்பல் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடும்பமே குடியேறியிருந்தது.

ஜுவேரியா எட்டிப் பார்த்தாள். "நான் பல்லு மேல உக்கார்ற மாதிரிதானே செஞ்சேன்? இது பின்பக்கமெல்லாம் எப்படிப் போச்சு?"

சந்திரமௌலி நீரஜாவைப் பார்த்தார். நீரஜா அவர் கட்டைவிரலைப் பார்த்தாள்.

அம்பி ஊன்றுகோலை வீசிவிட்டு வந்தார். "அடுத்த சீன்ல வரது வரணும்டா! வரதுவுக்குப் பல் கிடையாது! கழட்டு!"

"வழலை."

"வராதா? விடு, நான் இழுக்கறேன்."

"இழுத்தா அவர் சொந்தப் பல்லும் வந்துரும் சார்" என்று ஜுவேரியா அம்பியின் கையைப் பிடித்தாள். "சூடு பண்ணினா மட்டும்தான் வரும். தண்ணியோ காபியோ, சூடா குடுங்க."

"பிளாஸ்க் காலி. இனிமேதான் கொதிக்க வைக்கணும்" என்று நீரஜா மின்சார அடுப்பின் பக்கம் ஓடினாள்.

மேடையில் விளக்கு எரிந்துவிட்டது. சண்முகப்ரியா தனியாக நின்று, "பெரியப்பா எப்ப வருவாரோ" என்று முதல் தரம் சொல்லியாகிவிட்டது. இரண்டாம் தரமும் சொன்னாள். மூன்றாம் தரம் சொன்னபோது குரலில் நிஜமாகவே அழுகை இருந்தது.

"போ! போய்ச் சமாளி!" என்று அம்பி முதுகில் கைவைத்துத் தள்ளினார். "முட்டி எனக்குச் சரியாயிண்டே வறது, ஞாபகம் வச்சுக்கோ!"

வரது மேடையேறினார். வாயை இறுக மூடியிருந்தார். ஆனால் அந்தக் குடும்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு உதடு மூட மறுத்தது. சண்முகப்ரியா வசனத்தை மனப்பாடம் செய்தவள். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் இல்லை.

"வாங்கோ வரது பெரியப்பா! உங்க பல்வரிசையைப் பார்த்தாலே தெரியறதே, நீங்க எவ்வளவு உத்தமர்னு!"

சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். ஹாலில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். அந்தக் 'க்ளுக்' வரிசை வரிசையாகப் பரவி, கடைசி வரிசையில் பேரிரைச்சலாக வெடித்தது. சந்திரமௌலிக்குக் காதோரம் சுட்டது. போயிற்று. கோடை விழா போயிற்று. இனி சாகும்வரை 'சார், போஸ்ட்.'

அந்த நேரத்தில் பக்கத் திரையோரம் நீரஜாவின் தலை தெரிந்தது. கையில் தம்ளர். ஆவி. தம்ளரைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

சந்திரமௌலிக்குள் ஏதோ நிமிர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழல்ல ஒரு காழி கொண்டா அம்மா. கொழிக்கக் கொழிக்க!"

சண்முகப்ரியா விட்டால் போதும் என்று ஓடிப்போய் வாங்கி வந்தாள். அவர் ஊற்றிக்கொண்டார். விழுங்கவில்லை. கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, கண்ணில் நீர் வர, சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சிரிப்பு குறைந்தது. மனுஷன் என்ன செய்கிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். பிறகு விழுங்கினார். தோளிலிருந்த அங்கவஸ்திரத்தின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, வாய்க்குள் விட்டு, பல்லைப் பிடித்து, மெதுவாக இழுத்தார்.

பல் ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டு, நீண்டு, கடைசியில் 'ப்ளக்'கென்று கையோடு வந்தது. உள்ளேயிருந்து அவருடைய சொந்தப் பற்கள் வரிசையாக வெளிப்பட்டன. வரது!

ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதியில், சைதாப்பேட்டை மார்க்கெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரலில், ஜைதூன் பீ கத்தினார்.

"அட, இன்னா அக்கிரமம்! ரெண்டு பேரும் ஒரே ஆளா!"

சந்திரமௌலி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து நின்றார். கையிலிருந்த பல்லை உயர்த்திப் பிடித்தார்.

"ஆமாம்மா! சேதுவும் நான்தான், வரதுவும் நான்தான்! தம்பின்னு எனக்கு ஒருத்தன் பிறக்கவே இல்லை. இந்தாத்துல யார் என்னை மதிக்கறா, யார் என் சொத்தை மதிக்கறான்னு பார்க்கத்தான் இந்தப் பல்! நான் கேட்காமலே காபி கொண்டு வந்தியே, அப்பவே பாஸ் பண்ணிட்டே நீ!" என்று இடுப்பில் செருகியபடியே வந்திருந்த பத்திரத்தை எடுத்து சண்முகப்ரியாவின் கையில் திணித்தார்.

சண்முகப்ரியாவுக்கு இதில் ஒரு வரிகூட மனப்பாடம் இல்லை. அதனால் அழுதுவிட்டாள். பிரமாதமாக அமைந்துவிட்டது. திரை இழுப்பவர், இதற்கு மேல் என்ன இருக்கப்போகிறது என்று தானாகவே திரையை இழுத்தார்.

கைதட்டல் நிற்கவில்லை.

திரைக்குப் பின்னால் அம்பி கொதித்துக்கொண்டிருந்தார். "என் நாடகம்டா! இன்னும் ரெண்டு சீன் இருக்கு! போலீஸ் வரணும், சேதுவைப் பிடிக்கணும்..."

அதற்குள் சுரேஷ்குமார் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அம்பி சார்! இத்தனை வருஷமா உங்க நாடகம் பார்க்கறேன். முடிவு முன்னாடியே தெரிஞ்சுடும், பாதியிலேயே எழுந்து போயிடுவேன். இன்னிக்கு அசையவே முடியலை. அந்தப் பல்லை உருக வச்சேளே! கோடை விழாவுல முதல் நாளே உங்களுக்குத்தான். இதே நாடகம், இதே ஆள், இதே பல். எதையும் மாத்தப்படாது."

அம்பியின் முகத்தில் இருந்த கொதிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ரொம்ப யோசிச்ச ட்விஸ்ட் சார்" என்றார் அடக்கமாக. "மௌலிகிட்ட கூடக் கடைசி நிமிஷத்துலதான் சொன்னேன்."

சந்திரமௌலி நாக்கால் தடவிப் பார்த்தார். மேல்வாய் வெந்து போயிருந்தது. நீரஜாவைப் பார்த்துச் சிரித்தார். அவள் இன்னொரு காபி கலந்துகொண்டிருந்தாள்.

ஜுவேரியா கசங்கிய பிளாஸ்டிக்கைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். "கழுவி, சுடுதண்ணியில போட்டா பழையபடி பல்லாயிடும் அங்கிள். ஆனா இந்த வாட்டி நீங்க அதைத் தொட்டீங்கன்னா, உங்க வாயிலயே டிராகன் கொம்பு வெச்சு அனுப்பிடுவேன்."

"தொட மாட்டேம்மா. சத்தியமா."

ஹால் காலியான பிறகு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அம்பி பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"மௌலி, கோடை விழாவுல எனக்கு ஒரு வேஷம் வேணுமேடா. முட்டி அதுக்குள்ள சரியாயிடும்."

"வரதுவும் சேதுவும் நானாச்சே அம்பி. மாத்தப்படாதுன்னுட்டாரே."

"வேற என்ன பாக்கி?"

சந்திரமௌலி கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்தார். "முதல் சீன்ல ஒரு போஸ்ட்மேன் வரான்."

அம்பி ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். மேடையையும் காலி நாற்காலிகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஜுவேரியா இருக்கும் பக்கம் தலையசைத்தார்.

"ஏண்டா, அந்த போஸ்ட்மேனுக்கும் ஒரு பல்லு வச்சா எப்படி இருக்கும்?"

"வைக்கலாம்" என்றார் சந்திரமௌலி, நீரஜா நீட்டிய தம்ளரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டே. "ஆனா போஸ்ட்மேனுக்கு யார் காபி குடுப்பா?"